ஹெல்மெட்டில் ஐந்து சீட்டு

இருந்தவர்கள்: ரகுநாத், திருப்பதி, ஹரிணி, நான். இடம் கறம்பக்குடியில் ரகுநாத்தின் மாடி அறை. ஞாயிறு காலை பத்து மணி. மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து நான் நேராக வந்திருந்தேன்.

அந்த வாரம் கேட்ட ஆல்பத்தின் பெயரை ஆளுக்கொரு சீட்டில் எழுதி ஹெல்மெட்டில் போடுவோம். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு கேட்போம். ஹெல்மெட் ஹரிணியின் கணவன் உதயசூரியனுடையது. நான்கு மாதங்களுக்கு முன் கீரமங்கலம் சாலையில் செத்த அன்று அவன் அதைப் போட்டிருக்கவில்லை. அதிலிருந்து ஹரிணி பாட்டே கேட்பதில்லை. வெற்றுச் சீட்டைத்தான் போடுவாள்.

ரகுநாத் என் சீட்டைப் பிரித்தான். "மறுபடியும் இதேதானா? காது தேஞ்சிரும்டா."

ஹரிணியின் வெற்றுச் சீட்டும் வந்தது. நான்கும் எடுத்த பிறகு உள்ளே இன்னொன்று கிடந்தது. முந்தாநாள் வெளியான ஆல்பம். உதயசூரியனின் சாய்ந்த கையெழுத்து. கீழே, "மூணாவது பாட்டு, ஹரிணிக்கு மட்டும்."

"எவன்டா இப்புடி வெளையாடுறது?" என்றான் திருப்பதி.

ஹரிணி ஸ்பீக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் வெளிய இருங்கண்ணே. கேட்டுட்டு வாரேன்."

மூவரும் வெளியே வந்தோம். அவள் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் உச்சியில் ஒரே தாழ்ப்பாள். அது ஹரிணிக்கு எட்டாது. ஏறி நிற்க அறையில் நாற்காலியும் இல்லை. எப்போதும் உதயசூரியன்தான் போடுவான்.

உள்ளே பாட்டு தொடங்கியது. அதன்பின் தாழ்ப்பாள் மெதுவாக ஏறிப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.