விழிப்பிலை

பல்கலைக்கழக விடுதியில் அறைக்கு ஒரு விழிப்பிலைச் செடி இருந்தது. அதன் இலையை மென்றால் தூக்கம் வராது. படித்து முடிக்கும்வரை பரிதி மென்றான். தங்கப் பதக்கமும் வாங்கினான். இலையை விட்ட பிறகும் தூக்கம் திரும்பவில்லை. மருந்து கொடுத்தால் மயங்கிக் கிடப்பான், கனவு மட்டும் வராது.

"கனவு இனிமே வராது தம்பி," என்றார் டாக்டர். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரையில் அப்பா திடீரென்று இறந்துபோனார். சில நாள் கழித்து ஒரு காலையில், தங்கை செண்பகம் கண்ணைத் துடைத்தபடி சமையலறைக்கு வந்தாள்.

"கனவுல அப்பா வந்தாரும்மா."

"எனக்கும் வந்தாருடி."

பரிதி காபி டம்ளரைக் கீழே வைத்தான். "என்னம்மா சொன்னாரு?"

அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைத் தணித்தாள்.

"உன்னத்தாம்ப்பா கேட்டாரு. 'பரிதி எங்க, கண்ணுலயே பட மாட்டேங்குறானே'ன்னாரு."