பீரங்கியின் காது

சட்டமன்ற ஜன்னல் வெயில் சுருக்கெழுத்துக்காரியின் குறிப்பேட்டில் விழுகிறது. போரில் காது போன வீரர்களுக்கெல்லாம் காதுக்கருவி கேட்டு ஏழு வருடமாக முழங்கிவருகிறார், முன்னாள் படைவீரரான 'பீரங்கி' உறுப்பினர். அவர் காதும் போரில் போனதுதான்; அவர்களுக்குக் கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று வீம்பு வேறு. அத்தனை முழக்கத்தையும் எழுதியவள் இவள்தான். அவையில் வாய் திறக்கக் கூடாதவள். இதோ, மசோதா நிறைவேறிவிட்டது. எல்லோரும் மேசையைத் தட்டுகிறார்கள். அவர் மட்டும் அடுத்த வாதத்துக்குக் காகிதம் புரட்டுகிறார். உள்ளங்கையில் மேசை அதிர, திடுக்கிட்டு நிமிர்கிறார். அவள் பேனாவை உயர்த்தி, "பாஸாயிடுச்சுங்க ஐயா!" என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள். அவர் எதிர்வரிசையைப் பார்க்கிறார். "அட, இவங்களுமாம்மா தட்டுறாங்க?" அந்தக் குரலில் கூரையே அதிர்கிறது. சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவள் குனிந்து, 'அவையில் சிரிப்பொலி' என்று எழுதுகிறாள். அதில் முதல் சிரிப்பு அவளுடையது.