ஆளில்லாத அறையின் விளக்கு
பயிற்சி வகுப்பின் மேசைகள்மேல் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. பள்ளித் தொழில்நுட்ப ஆசிரியர்கள் இருபது பேரும் அறைவாரியாக மணிக்கணக்கு எழுதிய அவரவர் வீட்டு மின்செலவுத் தாளை விரித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சிக்கனம் சொல்லித்தருமுன் தங்கள் வீட்டில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்ட வேண்டும். பயிற்சியாளர் ஓரத்து மேசை டீச்சரின் தாளில் ஒரு வரியைப் பேனா முனையால் தொடுகிறார். "முன் ரூம்ல ஆளே இல்லன்னு போட்டிருக்கீங்க. ஆனா தினமும் மூணு மணி நேரம் லைட் எரியுதே, டீச்சர்?" "அது பொண்ணு ரூம்." "ஊருக்குப் போயிருக்காங்களா?" "கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. ரெண்டு வருஷமாச்சு." டீச்சர் தலை நிமிராமலே சொல்கிறார். "தெருமுனையில திரும்பினா அந்த ஜன்னல்தான் முதல்ல கண்ணுல படும்." பேனா அந்த வரியை விட்டு மெல்ல விலகுகிறது. பக்கத்து மேசையில் யாரோ இஸ்திரிப்பெட்டிக் கணக்கைத் தப்பாகக் கூட்டிவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்கிறார். "இருந்தாலும் பத்துல ஒண்ணு குறையணுமே, டீச்சர்," என்கிறார் பயிற்சியாளர், தாமே ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல. டீச்சர் பைக்குள் கைவிட்டு ரப்பரைத் தேடி எடுக்கிறார். தன் படுக்கையறை மின்விசிறிக்கு நேரே இருக்கும் எட்டு மணி நேரத்தை அழுத்தித் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, அங்கே பூஜ்யம் போடுகிறார்.