ஒன்பதே கால்

புதுச் சட்டையும் படிய வாரிய தலையுமாக, டெஸ்மர் மேடத்தின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் வெர்லின்.

"வெள்ளிக்கிழமை ஆர்லிஸை எங்க கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?"

"ஏரிக்கரைக் கடைக்குத்தான் மேடம். மீன் வறுவல் சாப்பிட்டுட்டு, ரெண்டு பாட்டுக்கு ஆடிட்டு வந்துடுவோம். போல்கா ஆட்டம்னா அவளுக்கு உசிரு."

"போன தடவையும் எட்டு மணின்னுதான் சொன்னீங்க. கொண்டாந்து விட்டப்ப ஒன்பதே கால்."

"பாட்டு நல்லாருந்துச்சு. அவதான் விடல."

"பழிய ஆர்லிஸ் மேல போடுங்க." டெஸ்மர் சிரித்துவிட்டார். "சரி, எட்டுன்னா எட்டு. ஆளுக்கு ஒரு பீர், அவ்வளவுதான்."

வெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆட்டம் முடிஞ்சதும், கொஞ்ச நேரம் அவளை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

டெஸ்மரின் சிரிப்பு நின்றது. "வீட்டுக்கு மட்டும் கூடாது. ஞாபகம் தப்பின உங்க மனைவிய யார் பாத்துக்கறதுன்னு நீங்களும் உங்க பிள்ளைங்களும் கோர்ட்டுல அடிச்சுக்கிட்டீங்க. ரெண்டு பக்கமும் வேண்டாம்னுதான் நீதிபதி, மூணாம் மனுஷியான என்னைக் கார்டியனாப் போட்டார். வீட்டுக்கு அனுப்பக் கூடாதுங்கறது அவர் உத்தரவு. மீறினா இந்த வெள்ளிக்கிழமையும் போயிடும்."

வெர்லின் தலையாட்டினான். அவர் நீட்டிய படிவத்தில், உறவு என்ற இடத்தில் 'கணவன், நாற்பத்தேழு வருஷம்' என்று எழுதினான். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அன்னிக்கு லேட்டானது பாட்டால இல்ல மேடம். கார்ல ஏறினதும், 'வீட்டுக்குப் போலாமா'ன்னு கேட்டா. எங்க வாசல் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டேன். அப்பத்தான் உத்தரவு ஞாபகம் வந்துச்சு. உள்ள போகாம, ஒரு மணி நேரம் கார்லயே உக்காந்து வீட்டையே பாத்துட்டிருந்தோம்."