குரோங்கில்

இன்றைக்கும் ஏழு பிணங்களைத் தோண்டி எடுத்துவிட்டான் வெள்ளைச்சட்டை. எல்லாம் முந்நூறு, நானூறு வருஷத்துப் பிணங்கள். மேடத்தின் மேஜையில் அவற்றை வரிசையாகக் கிடத்திவிட்டு, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டான்.

எதிர் மேஜையில் மூட்டைக்கு வயிறு பற்றி எரிந்தது. விடிந்ததிலிருந்து தோண்டியும் அவனுக்கு அகப்பட்டது ஒன்றே ஒன்று.

பிணம் என்றால் வார்த்தைகள்தான். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ஓகோவென்று புழங்கி, அப்புறம் நாதியற்றுப் போனவை. பழைய புத்தகங்களில் அவற்றைத் தேடிப் பிடித்து, வார்த்தை, பொருள், புத்தகத்தின் பெயர், பக்கம் என்று ஓர் அட்டையில் எழுதினால், அது அகராதிக்குப் போகும். பார்த்து முடித்த புத்தகம் அன்று மாலையே பெட்டியில் ஏறி, கடன் கொடுத்த நூலகத்துக்குத் திரும்பிவிடும். அப்புறம் அட்டைதான் சாட்சி.

மூட்டை அதே கட்டடத்தின் கிடங்கில் பன்னிரண்டு வருஷம் புத்தகக் கட்டு சுமந்தவன். சுமந்துகொண்டே தபாலில் படித்து மாடியேறினான். முதுகிலிருந்து மூட்டை இறங்கிவிட்டது, பெயரிலிருந்து இறங்கவில்லை.

"உங்களுக்கு என்ன கெடச்சுது?" என்றார் மேடம். அகராதியைப் பதிப்பிப்பவர் அவர்தான்.

"ஃபட்ஜல், மேடம். ஒரு வேலையும் செய்யாம, செய்யற மாதிரியே பாவ்லா காட்டுறது."

"இது எல்லா லிஸ்ட்லயும் இருக்கே. தம்பியோடதைப் பாருங்க, ஏழும் இதுவரைக்கும் எவன் கண்ணுலயும் படாதது."

"அண்ணனுக்கும் நாளைக்கு மாட்டும் மேடம்," என்றான் வெள்ளைச்சட்டை. ஆறுதல் சொல்கிறானாம். எண்ணெய் தடவி இறக்கின ஆணி.

மூட்டை தன் கையைப் பார்த்துக்கொண்டான். புத்தகத் தூசியில் கரிக்கடைக்காரன் கை மாதிரி கறுத்துக் கிடந்தது. தும்மித் தும்மி மூக்கு புண்ணாகியிருந்தது. வெள்ளைச்சட்டைக்கோ சாயங்காலம் வரைக்கும் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. கொடுத்து வைத்தவனைக் கண்டால் தூசிகூட ஒதுங்கி நிற்கிறது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே வேலைங்கறீங்க," என்றாள் மனைவி, சட்டைக் காலரைத் தேய்த்தபடி. "பஸ் ஸ்டாப்புல பாத்தேன், அந்தத் தம்பி இஸ்திரி போட்டது கலையாம நிக்குது. நீங்க என்னடான்னா அடுப்புக்குள்ள பூந்துட்டு வந்த பூனை மாதிரி வர்றீங்க."

"அவன் பொறந்த நேரம் அப்படி. நீ தொவைக்கிற வேலையப் பாரு."

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. அகராதி முடிகிற தறுவாய். அடுத்த மாதத்திலிருந்து மாடியில் ஒரே மேஜைதான். மற்றவன் கிடங்குக்கு இறங்கிக் கட்டு தூக்கலாம். நாற்பத்தெட்டு வயசில் மூட்டையின் முதுகு அதைத் தாங்காது.

வேலை போனாலும் போகட்டும், அந்தப் பயல் ஒரே ஒரு நாள் வெறுங்கையோடு நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டே மாடிப்படியில் நின்றபோது, கீழே கிடங்குத் தள்ளுவண்டி போனது. எண்ணெய் காணாத சக்கரம் கத்தியது: குரோங்... கில். குரோங்... கில்.

மறுநாள், யாரோ ஒரு வாசகர் எழுதியதுபோல் இடது கையால் கிறுக்கிய ஆங்கிலக் கடிதம் ஒன்று அலுவலகத் தபால்பெட்டியில் விழுந்தது. 'குரோங்கில் என்று ஒரு பழைய சொல் உண்டாமே? அடுத்தவன் தட்டில் விழுவதைப் பார்த்து நம் வயிறு எரிவது என்று பொருளாமே? எந்தப் புத்தகத்தில் வருகிறது?'

தன் கைவரிசை என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான். மூட்டைக்கு அது தெரியும். பொறாமை யாரைக் கேட்டுக்கொண்டு காரியம் செய்தது?

திங்கட்கிழமை மேடம் அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார். "நல்ல பரீட்சை இது. புதன்கிழமைக்குள்ள யார் இதைக் கண்டுபிடிக்கிறீங்களோ, அவருக்குத்தான் அந்த மேஜை."

"ரெண்டு பேருக்கும் கெடைக்கலேன்னா, மேடம்?"

"அப்ப சர்வீஸ்ல மூத்தவர் நீங்கதானே."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

இரண்டு நாளும் மூட்டை ஒரு புத்தகத்தைத் தொடவில்லை. பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பாவ்லா காட்டினான். கை கறுக்கவில்லை. தும்மல் வரவில்லை. சாயங்காலம் மனைவி காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன, இன்னிக்கு வேலையே இல்லியா?"

புதன்கிழமை காலை மேடம் இருவரையும் கூப்பிட்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூட்டை கையை விரித்தான். "எவ்வளவோ பாத்துட்டேன், மேடம். அப்படி ஒரு வார்த்தையே இல்ல போலிருக்கு."

மேடம் திரும்பினார். "தம்பி?"

மூட்டை அவன் கையையே பார்த்தான். அந்த வெறுங்கையைப் பார்க்கத்தானே இத்தனை பாடு.

கீழே தள்ளுவண்டி போய்க்கொண்டிருந்தது. குரோங்... கில். வெள்ளைச்சட்டை கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, பையிலிருந்து அட்டைகளை எடுத்தான்.

"ஒண்ணுல இல்ல மேடம், மூணு புஸ்தகத்துல வருது."