இடது தண்டு

அம்மன் மூன்றாவது முறையாக ஐஸ் வண்டியைச் சுற்றி வந்தாள்.

கடல் எதிரிலேயே இருக்கிறது. தூக்குகிற நாலு பேரும் கடலைப் பார்த்துத்தான் நடக்கிறோம். பல்லக்கு மட்டும் வலப்பக்கமாகத் திரும்பி, மணலில் வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறது.

மாசி மகம். உச்சிப்பொழுதுக்குள் அம்மன் கடலில் நனைந்தாக வேண்டும். நனையாமல் மரக்காணத்துக்குத் திரும்பிய வரலாறு அவளுக்குக் கிடையாது. சூரியனோ கிட்டத்தட்ட தலைக்கு மேல் வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

காரணம் எனக்குத் தெரியும்.

முன்பக்கம் வலது தண்டு எனக்கு, இடது தண்டு சிங்காரத்துக்கு. அவர் உப்பளத் தொழிலாளர்களின் செங்கொடிச் சங்கத் தலைவர். கடவுள் இல்லை என்பார். விபூதி வாங்கமாட்டார், சுண்டல் வாங்குவார். ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே உயரம், ஐந்தடி நாலங்குலம். தண்டு தூக்குகிறவனிடம் எங்கள் ஊர் கேட்கிற கொள்கை அது ஒன்றுதான்.

அன்று காலையில்தான் சக்கரபாணி வந்தார். கட்சிக்குப் புதிது; தோளில் போட்ட துண்டும் புதிது, மடிப்புகூடக் கலையவில்லை.

"சாமியே இல்லங்கிற ஆளு சாமிய எப்பிடித் தூக்கலாம்? அவரு இடதுசாரி" என்றார்.

"ஆமாங்க, இடதுதான். முப்பது வருஷமா அந்தப் பக்கந்தான் தூக்குறாரு" என்றேன்.

சிங்காரம் தோளில் வைத்திருந்த துணிச் சும்மாட்டை எடுத்துக்கொண்டு பனை நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் இடத்தில் பக்தியில் குறையே இல்லாத ராஜவேலை நிறுத்தினார்கள். பையன் ஆறடி.

இடப்பக்கம் ஏறியது, அம்மன் என் பக்கம் சாய்ந்தாள். அவள் பாரம் மொத்தமும் என் ஒரு தோளில். ஒற்றைத் துடுப்புப் படகு மாதிரி சுற்ற ஆரம்பித்தோம்.

"டேய், குனிஞ்சு நடடா."

"குனிஞ்சுதாங்க நடக்கிறேன். இதுக்கு மேல தவழத்தான் செய்யணும்."

இரண்டாவது சுற்றிலேயே ஜனங்கள் இதுவும் ஒரு சாங்கியம் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் சுற்றினார்கள். மூன்றாவதில் ஐஸ்காரர் பயந்துபோய் அம்மனுக்கு ஒரு சேமியா ஐஸ் படைத்தார்.

நாலாவதில் என் முழங்கால் மடங்கியது. அம்மனின் கிரீடம் சரிந்து என் காதை உரசியது. விழப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேளம் நின்றது.

இடது தண்டுக்குக் கீழே ஒரு தோள் நுழைந்தது.

"நவுரு ராஜவேலு. சாமி இல்லன்னு சொல்றது வேற. கீழ போடுறது வேற" என்றார் சிங்காரம்.

அம்மன் நிமிர்ந்தாள். பல்லக்கு நேராகப் போய் அலையில் இறங்கியது. கூட்டம் மொத்தமும் கூடவே இறங்கியது. முதலில் கும்பிட்டவர் சக்கரபாணிதான். அம்மனையா, சிங்காரத்தையா என்று பிறகு கேட்டேன். எதிரில் நின்றதைக் கும்பிட்டேன் என்றார்.

கரை ஏறியதும், டிவியிலிருந்து வந்த நிவேதா என்ற பெண் என் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினாள்.

"தாத்தா, அவரு இடதுசாரின்னு சொல்றாங்க. அப்போ நீங்க?"

"நான் வலதும்மா. எப்பவும் வலதுதான்."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் முகத்துக்குக் கீழே 'வலதுசாரி பக்தர்' என்று போடும்படி கேமராக்காரரிடம் சொல்லிவிட்டு, பெயர் கேட்டாள்.

"ஜான்சன்" என்றேன். "அப்பா பேரையும் சேத்துப் போடும்மா, அந்தோணிசாமி. எனக்கு முன்னாடி வலது அவருதான்."