சிவப்புத் துணிப் பூ

"பூ இருந்துதா? கோட்டுல சிவப்புப் பூ இருந்துதா, அதை மட்டும் சொல்லுங்க!"

நர்ஸ் கட்டில் கம்பியைக் காட்டினாள். புழுதி படிந்த வெள்ளைக் கோட்டு ஒன்று தொங்கியது. மார்பில் சிவப்புத் துணிப் பூ. எவாட்னிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

நேற்று ராத்திரி ஜெர்மன்காரன் போட்ட குண்டு, அவள் கணவன் கார்ல்டன் பிராத்வெயிட்டின் ஜாஸ் குழு வாசித்துக்கொண்டிருந்த நடன விடுதியில் விழுந்துவிட்டது. விடிந்ததிலிருந்து லண்டன் தெருக்களில் நாயாய் அலைந்துவிட்டு இங்கே வந்திருக்கிறாள். குழுவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டுதான். பூ வைத்துக்கொண்டு மேடையேறுவது லீடர் கார்ல்டன் மட்டும். யுத்த காலத்தில் நிஜப் பூவுக்கு எங்கே போவது? பழைய திரைச்சீலையை வெட்டி அவளே தைத்துக் கொடுப்பாள்.

"என் தையல்தான்" என்றாள், பூவைத் தொட்டுப் பார்த்து. "மேடையில கிடந்த ரெண்டு பேரை அடையாளமே தெரியலைன்னு குண்டு விழுந்த இடத்துல காவலுக்கு நின்ன வார்டன் சொன்னார். பூ இல்லாதவர் போயிட்டாராம். பூ வச்சவருக்கு உயிர் இருக்கு, ஆஸ்பத்திரிக்கு ஓடும்மான்னார். பாவம் அந்த இன்னொருத்தர், யார் பெத்த பிள்ளையோ!"

"இவர் பிழைச்சுக்குவார். முகம், கை எல்லாம் கட்டு. மருந்து மயக்கம் வேற. நீங்க பேசுங்க, காதுல விழும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

எவாட்னி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அழவேண்டும்போல் இருந்தது, அவளுக்கு வந்ததென்னவோ கோபம்தான்.

"பூமிக்கு அடியில இருக்கிற ஹால், லண்டன்லயே இதைவிடப் பத்திரமான இடம் கிடையாதுன்னு பீத்திக்கிட்டியே மனுஷா! சைரன் ஊதினா எல்லாரும் ஓடி ஒளிவாங்க, நீ மட்டும் அடுத்த பாட்டை ஆரம்பிப்பே. பெரிய சூரன்!"

கட்டிலில் அசைவில்லை. அவள் குரல் தணிந்தது.

"ஒண்ணு சொல்றேன், கேளு. எத்தனை பூ தைச்சுக் குடுத்திருப்பேன்! பாதி நாள் வெறும் கோட்டோட வந்து நிப்பே. எங்கேன்னு கேட்டா, 'நல்ல இடத்துலதான் இருக்கு'ன்னு பல்லைக் காட்டுவே. முன் மேசையில உட்கார்ந்து இளிக்கிற எவளுக்கோ குடுத்துட்டு வர்றியோன்னு எனக்கு வயிறு எரியும். நேத்துகூட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் உன்னை அனுப்பினேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நேத்து நீ எவளுக்கும் குடுக்கலை. என் பூவோடதான் இருந்திருக்கே. அது போதும் எனக்கு. இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன், சத்தியமா."

கட்டுக்குள்ளிருந்து மெல்ல ஒரு முனகல் வந்தது.

"மிஸஸ் பிராத்வெயிட்டா?"

எவாட்னி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். அது கார்ல்டனின் குரல் இல்லை.

"நான் ஹியூபர்ட். கிளாரினெட் வாசிக்கிறவன். கண்ணுல கட்டு, உங்க குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்." வலியிலும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் கோட்டுல பூ இருக்கா, பாருங்க. நேத்துதான் எனக்கு முதல் தடவை! பாட்டு முடிஞ்சதும் லீடர் தன் பூவைக் கழட்டி எனக்குக் குத்திவிட்டார். அன்னிக்கு யார் பிரமாதமா வாசிக்கிறாங்களோ அவங்களுக்குத்தானே அந்தப் பூ! எங்க ட்ரம்பெட்காரர்கிட்ட மட்டும் ஏழெட்டு இருக்கு... லீடர் எந்தக் கட்டில்ல இருக்கார், மேடம்?"